மூளைக்குச் சூடு தெரியாது

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் எம்ஆர்ஐ அறை வாசலில் ஒரு ஹேர்பின் தகராறு. "தலையில ஏதாவது இருக்காம்மா?" என்று மூன்று விதமாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லவே இல்லை. டிடெக்டரைக் கொண்டைப் பக்கம் கொண்டுபோனதும் கீ என்று கத்தியது. "அட, அது பின்னுதானே!" என்கிறது அந்த அம்மா. பின்னுதானேயாம்! உள்ளே இருக்கிற காந்தத்திடம் அது பின்னு என்று யார் போய்ச் சொல்வது?

மத்தியானம் ஒரு பெரியவர் பேஸ்மேக்கர் வைத்ததைச் சொல்லாமல் வந்துவிட்டார். மகன் என்னோடு மல்லுக்கு நின்றான். "அதான் உள்ள பத்திரமா இருக்கே சார், காந்தம் என்ன புடுங்கிக்கிட்டா போயிடும்?" அவனை உட்காரவைத்துச் சொன்னேன். இழுக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. படம் எடுக்கும்போது ரேடியோ அலை அனுப்புகிறோம். உடம்புக்குள் இருக்கிற கம்பி அதை வாங்கி, நுனியில் கொண்டுபோய் இறக்கும். நுனி உங்க அப்பா நெஞ்சுக்குள்ள இருக்கு. அங்கே வேகும். எந்த மாடல், எந்தக் கம்பி, நல்லா இருக்கா, எல்லாம் தெரிந்த பிறகுதான் கதவு திறக்கும். பையன் அப்பாவின் பழைய ஃபைலைத் தேடி ஓடினான்.

சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள். "வாட்ச்மேனுக்கு இன்னைக்கு ரெண்டு திருடன் மாட்டியிருக்கான்." எங்கள் ஸ்கேன் பிரிவுக்குக் கவுன் தைப்பது இவள்தான். கொக்கி கிடையாது, ஜிப் கிடையாது, துணி நாடா மட்டும். என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிரிவின் சட்டதிட்டம் எல்லாம் இவளுக்கு மனப்பாடம்.

ஊசியை நீட்டினாள். "கோத்துக் குடுங்க, கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுது." இவள் தலைக்குள்ளும் நடுக்கத்தை அடக்க வைத்த இரண்டு கம்பி இருக்கிறது. கழுத்துத் தோலுக்கு அடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே ஒரு பேட்டரியில் சேர்கிறது. அதை வைக்கும் முன் இரண்டு கையும் டம்ளர் பிடிக்க முடியாமல் நடுங்கும். வைத்த பிறகு முதல் வேலையாக ஊசியில் நூல்தான் கோத்தாள். கோத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

பாத்ரூமில் விழுந்துவிட்டாள். வாஷ்பேசின் விளிம்பில் காதுக்குப் பின்னால் அடி. வீக்கம். சிடி எடுத்தார்கள். எலும்பு முறிவு எதுவும் இல்லை.

வேறு ஏதோ இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. அடிபட்டதுக்கு எடுத்த படத்தில் மூளையின் அடித்தண்டுப் பக்கம் ஒரு மங்கல். சிடியில் அந்த இடம் என்றைக்கும் சரியாகத் தெரியாது, சுற்றிலும் எலும்பு. கட்டியா, சீழா, வீக்கமா? சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. "எம்ஆர்ஐ இல்லாம நான் கத்தியும் எடுக்க முடியாது, மருந்தும் எழுத முடியாது. ரெண்டு ரெண்டாத் தெரியறதுக்கும் விழுந்ததுக்கும் காரணம் இதுதான்."

கண் டாக்டரிடம் கூட்டிப் போகவே இல்லை நான்.

ஒரு ஆறுதல். இவள் கருவிக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம், நிபந்தனையோடு. பேட்டரியை அணைக்க வேண்டும், தலைக்கு மட்டும் மாட்டுகிற வளையத்தைப் போட வேண்டும், ரேடியோ அலையின் சக்தியை அடிமட்டத்தில் வைக்க வேண்டும், இடைவெளி விட்டு விட்டு எடுக்க வேண்டும். அத்தனையும் எனக்கு அத்துப்படி. நான்தான் எடுப்பேன். வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

செவ்வாய்க்கிழமை நாள் கிடைத்திருக்கிறது. இவள் என்னைவிடத் தைரியமாக இருக்கிறாள். எந்நேரமும் சால்வையை இடது கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குளிருகிறதாம். காப்பியை நீட்டினால், "மேஜையில வைங்க, ஆறட்டும்." மெஷினை மூடி வைத்துவிட்டாள். போகட்டும், ஓய்வெடுக்கட்டும்.

மகள் போனில் அழுதாள். லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். படம் வரட்டும், அப்புறம் வா என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

ஸ்கேனுக்கு முன்னால் கருவியைச் சோதிக்கும் நர்ஸ் வந்தாள். பேட்டரி இருக்கிற இடத்தில் தோலின் மேல் சோதனை வட்டை வைத்தாள். இடதுபக்கக் கம்பி சரி. வலதுபக்கக் கம்பிக்குப் பதிலே இல்லை. இன்னொரு தடவை. இல்லை. கம்பி உள்ளே அறுந்திருக்கிறது.

வலது மூளையின் கம்பிதான் இடது கையைப் பார்த்துக்கொள்வது. நர்ஸ் கேட்டாள், "இடது கை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கொஞ்சம் நீட்டுங்க."

நீட்டவில்லை. கவுனுக்குள் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி. நான்தான் வெளியே எடுத்தேன். என் கைக்குள் அது அடித்துக்கொண்டது, பழையபடி, துளிகூட மாறாமல்.

"எப்ப இருந்து?"

"விழுந்ததிலிருந்து."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்களே என்னை உள்ள விட மாட்டீங்களே."

விட மாட்டேன்தான். அறுந்த கம்பி என்றால் ஸ்கேன் கிடையாது. முழுக் கம்பியைவிட அறுந்த கம்பி அதிகமாகச் சூடாகும், அறுந்த இடத்திலும் சூடாகும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். சாப்பிடும்போது, தைக்கும்போது, பெருமை பீற்றிக்கொண்டே சொன்னேன். வாசலில் நின்று ஊரார் கொண்டையில் இருக்கிற பின்னையெல்லாம் கண்டுபிடிக்கிறவன், பக்கத்து நாற்காலியில் சால்வைக்குள் இருந்த கையைப் பார்க்கவில்லை. விளக்குக்குக் கீழேதான் இருட்டாம். எவன் சொன்னானோ, சரியாகத்தான் சொன்னான்.

கவுன் நாடாவை நானே அவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

சர்ஜன் சொல்வது: அறுந்தது கழுத்துப் பகுதி என்றால் மாற்றிவிடலாம். அறுந்திருப்பது தலைக்குள் போகிற கம்பியே, காதுக்குப் பின்னால். ஒட்டுப் போட முடியாது. புதுக் கம்பி இறக்க, மூளை வீங்கியிருக்கும்போது முடியாது. எடுக்க வேண்டுமானால் எடுக்கலாம். "எடுத்தா ரெண்டு கம்பியும் பேட்டரியும் மொத்தமா எடுக்கணும், ஒத்தைக் கம்பியோட ஸ்கேன் எடுக்க இந்த மாடலுக்கு அனுமதி இல்ல. பாதி விட்டா அதுவும் சூடாகும்."

எடுத்தால் இரண்டு கையும் போய்விடும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கணக்கெல்லாம் பார்க்கிற இயற்பியல் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இதே மாடல் கம்பி ஒன்று பயிற்சிக்கு வைத்திருந்தது கிடைத்தது. தலை அளவுக்கு ஒரு டப்பாவில் உப்பு ஜெல்லைக் காய்ச்சி ஊற்றி, கம்பியை அதே வளைவில் பதித்து, நுனியில் வெப்பம் பார்க்கிற கண்ணாடி இழையைக் கட்டினாள். மெஷினுக்குள் வைத்தோம்.

முழுக் கம்பி: எண் அசையவே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் காதுக்குப் பின்னால் வருகிற இடத்தில் வெட்டினாள். ஆரம்பித்ததும் எண் ஏறியது. ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

"சக்தியைக் குறை," என்றேன். குறைத்தாள். மெதுவாக ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம். "இன்னும் குறை."

"இன்னும் குறைச்சா படத்துல வெறும் புள்ளிதான் சார் வரும்."

"சுட்டா அவ கையில இருக்கிற அவசரப் பந்தை அமுக்கட்டும். உடனே நிறுத்திடலாம்." நான் சொன்னேன் இதை. நான்!

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூளைக்குச் சூடு தெரியாது சார். வெந்து முடிஞ்சாலும் அவங்களுக்குத் தெரியாது." கம்பியைக் கழற்றிக்கொண்டே, "இது உங்க வீட்டம்மா இல்லைன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

வெளியே போ என்று சொல்வேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிப் போட்டதில்லை.

"கம்பியோடவே படத்தை எடுத்துட்டுப் போங்க, என்ன ஆகும்? கொஞ்சம் சுடும்."

"சுடறது உனக்குத் தெரியாதுடி. பேச்சு போயிடும், கை கால் போயிடும், கோமாவுல கிடப்ப."

"இப்ப மட்டும் என்ன வாழுது? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இதுல சாண் என்ன முழம் என்ன?" பிறகு குரலை இறக்கினாள். "ஊருக்கெல்லாம் வாட்ச்மேன். எனக்கு ஒருத்திக்காவது கதவைத் திறங்களேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும். இரண்டு அறை வீட்டில் எங்கே போய் அழுவது?

ஏப்ரல் 5, சனி

பல் தேய்க்கும்போது அவளே வந்து நின்றாள். "எடுத்துடச் சொல்லுங்க. மொத்தத்தையும்."

"கை போயிடும்மா."

"போகட்டும். நீங்க ஊட்டி விடுங்க, இத்தனை வருஷம் வக்கணையா உட்காந்து தின்னீங்கல்ல? உள்ள என்னன்னு தெரியாம என்னால சாக முடியாதுங்க. தெரிஞ்சாத்தானே சண்டை போட முடியும்."

வாயில் நுரையோடு தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்னை?

ஏப்ரல் 9, புதன்

வெட்டிப் போட்ட கவுன் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வலது கை இன்னும் அவள் பேச்சைக் கேட்கிறது. இடது கை வேலையை நான் செய்தேன், துணியைப் பிடித்துத் தள்ளுவது.

"நீங்க புடிக்கற லட்சணத்துக்கு என் நடுக்கமே தேவலை."

"துணி வழுக்குதுடி."

"துணி வழுக்கல. மூஞ்சியப் பாரு, பரீட்சை எழுதறவன் மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தோம். கடைசிக் கவுனைத் தனியாக மடித்து வைத்தாள். "இது எனக்கு. நாடா நீளமா வச்சிருக்கேன். கை நடுங்கினாலும் முடிச்சு போட வரும்." நூலை வலது கையாலும் பல்லாலும் அறுத்தாள். அந்த வலது கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

எடுத்தாயிற்று. முழுசாக வந்துவிட்டது, துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். இரண்டு தடவை.

ஏப்ரல் 16, புதன்

கையைப் பற்றி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று படம் எடுத்தேன்.

வாசலில் நிறுத்தி எல்லோரையும் கேட்பது போலவே கேட்டேன். உடம்புக்குள் கருவி, கம்பி, பேட்டரி? ஆபரேஷன்ல ஏதாவது வச்சிருக்காங்களா? சொல்ல மறந்தது ஏதாவது? மூன்றாவது கேள்வியில் சிரித்துவிட்டாள். "ஒண்ணுமில்ல வாட்ச்மேன். காலிப் பாத்திரம். உள்ள விடுங்க."

தன் கவுனைத் தானே கட்டுவேன் என்றாள். நீள நாடா இரண்டும் அவள் விரல்களிலிருந்து நழுவி நழுவி விழுந்தன. இரண்டாவது தடவைக்குப் பிறகு நான் கட்டினேன். கைகளைத் துணிப் பட்டையால் படுக்கையோடு சேர்த்தேன். பந்தை விரலுக்குள் வைத்தேன்.

முதல் வரிசைப் படத்திலேயே சந்தேகம். இரண்டாவது வரிசையில் தெரிந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண், டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா படுத்திருக்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்." எல்லோரிடமும் சொல்கிற அதே வரி. குரல் மாறவில்லை. எனக்கு இந்தத் திறமை எதற்கு?

துளி மங்கல் இல்லை. இந்த மெஷினில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.

ஏப்ரல் 26, சனி

கட்டிதான். மூளைத் தண்டுக்குள் ஊடுருவியிருக்கிறது. கத்தி வைக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் தள்ளிப் போகும். சர்ஜன் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

நான் கேட்டேன், கம்பியைத் திரும்ப வைக்க முடியுமா? வைத்தால் இருக்கிற நாளுக்காவது கை இருக்குமே. இனி முடியாதாம். இந்த நிலையில் யாரும் வைக்க மாட்டார்களாம்.

அப்படியானால் எதற்கு எடுத்தோம்? இந்தப் பதிலுக்கா? அறுந்த கம்பியோடு விட்டிருந்தால் வலது கையாவது இருந்திருக்கும். தைத்துக்கொண்டு இருந்திருப்பாள். தானே சாப்பிட்டிருப்பாள். படம், படம் என்று நாங்கள் எல்லோரும் அலைந்து ஒரு மனுஷியின் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உனக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்புகிறோம். பாவி. நான் பாவி.

ஆட்டோவில் அவள்தான் பேசினாள். "படம் நல்லா வந்துச்சா?"

"ம்."

"நீங்க எடுத்ததாச்சே."

மே 19, திங்கள்

கதிர்வீச்சு நடக்கிறது. மகள் வந்துவிட்டாள். இவளுக்கு முடி கொட்டுகிறது. "இனிமே பின்னு தகராறு இல்லை," என்றாள் இவள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் சிரித்தேன். யாராவது சிரிக்க வேண்டுமே.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்கேன் பிரிவில் கவுன் கிழிந்து போய்விட்டது என்று ஒரு மூட்டை கொடுத்துவிட்டார்கள். வேறு தையல்காரரைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே மெஷினில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலிலிருந்து மேய்த்தாள். பேச்சு குழறுகிறது, ஆனால் திட்டு மட்டும் தெளிவாக வருகிறது. "ஐயோ, நாடாவ மல்லாத்தி வச்சுட்டீங்க. பிரிங்க." பிரித்தேன். "மறுபடியும் அதேதான். உங்களக் கட்டிக்கிட்டு..." முடிக்காமல் இருமினாள்.

ஊசியில் நூல் கோக்க எனக்கு ஏழெட்டு தடவை ஆனது. கண் கலங்கியிருந்தால் கோக்க வராது.

ஜூலை 2, புதன்

இயற்பியல் பெண் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே கண் சிவந்திருந்தது. "அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். இவள் குழறிக் குழறிக் கேட்டாள், "ஜெல்லு எவ்வளவு சுட்டுச்சு?" அவள் சொன்னாள். இவள் என் பக்கம் திரும்பி, "அடேங்கப்பா. நல்ல வேளை, திறக்கல நீங்க," என்றாள்.

நிஜமாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா? இனி எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று கை நடுங்கவில்லை. இரண்டு கையும். மகள் ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டாள். நடுக்கம் நிற்கவில்லையம்மா, அசைவே நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 30, சனி

கண்ணால் பேசுகிறாள். ஆமாம் என்றால் மூடித் திறக்கிறாள். "வலிக்குதா?" மூடவில்லை. "நான் இங்கயே இருக்கட்டுமா?" மூடினாள். கொஞ்சம் அதிக நேரம் மூடியே வைத்திருந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று மத்தியானம் போய்விட்டாள். என் கைக்குள் கை இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அவள் தனியாக மடித்து வைத்த அந்தக் கவுனைத்தான் போட்டோம். மகள் கேட்டாள், இதுவா அப்பா? இதுதான் என்றேன். நாடாவை நான் கட்டினேன். அவள் போடுகிற முடிச்சு.

இன்று காலை மின் மயானம். சுத்தமான சின்னக் கட்டடம், பக்கத்தில் சைக்கிள் நிறுத்துகிற இடம். உள்ளே இரும்புக் கதவு. அதன் முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. அம்மா உடம்புல பேஸ்மேக்கர், பேட்டரி, அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"சூடு பட்டா வெடிச்சிடும், அதான். ஆபரேஷன்ல ஏதாவது கருவி, கம்பி வச்சிருந்தாங்களா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில பேரு பதற்றத்துல மறந்துடறாங்க."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவ சொல்றது?" என்று முன்னால் வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். கேட்கட்டும். மூன்று தடவை கேட்கத்தான் வேண்டும், அது அவர் வேலை.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். "ஏப்ரல்லயே எல்லாத்தையும் எடுத்தாச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.